வற்றிய மாட்டுக்குப் பெரிய வாளி

பக்கத்து வீட்டு லரீபா டீச்சர் நான் சொல்வது எதையும் நாலால் வகுத்துவிட்டுத்தான் காதில் வாங்குவார். அவர் கல்முனையிலிருந்து ஹாலிஎலவுக்கு மாற்றலாகி வந்த புதிதில், எங்கள் ஊசிமலைத் தோட்டத்தில் அட்டை கடித்தால் ஆஸ்பத்திரியில் கடிபட்டவனுக்கு ஒரு கட்டிலும் அட்டைக்கு ஒரு கட்டிலும் கொடுப்பார்கள் என்று அவரிடம் சொன்னேன். பாவம், அதை நம்பி ஒரு மாதம் முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். பிறகுதான் இந்த வகுத்தல் வந்தது. அதற்காக நான் கோபித்துக்கொள்வதில்லை. முப்பத்தாறு வருசம் தோட்டத்துக் கந்தோரில் பெரிய கிளாக்கராக உட்கார்ந்து, மனேஜர் துரை சொன்னதை ஒரு புள்ளி பிசகாமல் எழுதியவன் நான். ஓய்வுக்குப் பிறகாவது ஒன்றைப் பத்தாகச் சொல்லிப் பார்க்க ஆசை இருக்காதா.

ஆனால் இப்போது சொல்லப்போவதை வகுக்க வேண்டாம். வகுத்தால் மிஞ்சுவதற்கு இதில் அதிகம் இல்லை.

ஓய்வு பெற்ற பின்னும் மாதம் ஒரு தரம் ஊசிமலைக்குப் போவேன். தெமோதரைவரை பஸ். அந்த பஸ்ஸில் ஏறும் கூட்டத்தில் என் கால் எது, அடுத்தவர் கால் எது என்று தெரியாமல் ஒருநாள் அவர் காலைச் சொறிந்துகொடுத்து நன்றியும் வாங்கியிருக்கிறேன். அங்கிருந்து மேலே தோட்டத்து லொறி. போவது முருகையாவைப் பார்க்க. முருகையா எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் டீமேக்கர். கொழுந்து உள்ளே வந்து தூளாக வெளியே போகும்வரை அங்கே அவன் வைத்ததுதான் சட்டம். எனக்கென்று நல்ல தூளில் ஒரு பொட்டலம் கட்டி வைத்திருப்பான். அதை வாங்கிக்கொண்டு, தோட்டத்து வம்பையெல்லாம் கேட்டுக்கொண்டு திரும்பினால் எனக்கு ஒரு மாதம் ஓடிவிடும்.

தொழிற்சாலையில் தூளைச் சலித்துப் பிரிக்கும் அறையின் பின்பக்கத்தில் ஒரு மூலை உண்டு. அந்த மூலையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தேயிலை எல்லா மாதமும் ஒன்றுபோல் கொடுக்காது. மழை நன்றாகப் பெய்தால் கொழுந்து பொங்கிக்கொண்டு வரும். ஆடி ஆவணியில் கச்சான் காற்று தொடங்கிவிட்டால் செடி அப்படியே சுருண்டு நிற்கும். எங்கள் தோட்டத்துக் கச்சான் என்றால் சும்மா இல்லை. நாய் இங்கே குரைக்கும், சத்தம் தெமோதரை ஸ்டேசனில் போய் இறங்கும். இதெல்லாம் மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கொழும்புத் தலைமைக் கந்தோருக்குத் தெரிந்தது மாதக் கடைசியில் போகும் எண்கள் மட்டும்தான். எண் கொஞ்சம் இறங்கினாலும் துரைக்கு டெலிபோன் வரும். ஏன் குறைந்தது, எப்படிக் குறைந்தது, பக்கத்துத் தோட்டத்தில் குறையவில்லையே என்று ஒரு மணி நேரம் கேள்வி.

ஆகவே நல்ல மாதத்தில் வரும் தூளில் கொஞ்சத்தை முருகையா பதிவுக்குக் கொண்டுவராமல் அந்த மூலையில் சாக்கில் கட்டிப் போடுவான். மோசமான மாதம் வந்தால் அதை எடுத்து அந்த மாதத்து உற்பத்தியாகக் காட்டுவான். திருட்டு இல்லை. ஒரு பிடி தூள் வெளியே போனதில்லை. எல்லாம் கடைசியில் கொழும்பு ஏலத்துக்குத்தான் போகும். எந்த மாதத்தில் பிறந்தது என்று சொல்வதில் மட்டும் சிறிய திருத்தம். தொழிலாளிகளுக்கும் நட்டமில்லை, அவர்கள் பறித்ததை மலையிலேயே நிறுத்துக் கூலி போட்டுவிடுகிறார்கள்.

"தொரைக்குக் கொழும்புல இருந்து கோல் வரக்கூடாதுண்ணே," என்பான் முருகையா. "கோல் வரலன்னா அவரு சந்தோசமா இருப்பாரு. அவரு சந்தோசமா இருந்தா நான் லீவு கேப்பேன். இதுல யாருக்கு என்னா கெட்டுப்போச்சு?"

யாருக்கும் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஊவா மாகாணத்தில் இந்த மூலை இல்லாத தொழிற்சாலையை நான் பார்த்ததில்லை. இங்கே வேண்டுமானால் நாலால் வகுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு உரம் கிடைக்காமல் போன அந்த வருசம் வந்தது. எல்லாத் தோட்டங்களிலும் விளைச்சல் விழுந்தது. மறு வருசம் கம்பெனி ஒரு முடிவு எடுத்தது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே கொழுந்து கொடுக்கும் பிரிவுகளை மூடிவிட்டு, நிலத்தை வெளியாருக்குக் குத்தகைக்கு விடுவது. தோட்டத்தின் பிரிவைக் கணக்கு என்று சொல்வது எங்கள் வழக்கம். ஊசிமலையில் இரண்டு, கீழ்க்கணக்கும் மேற்கணக்கும். கீழ்க்கணக்கு திடகாத்திரம். மேற்கணக்குச் செடிகளோ மகா கிழடு. வெள்ளைக்காரத் துரை குதிரையைக் கட்டி வைத்த செடிகள் அவை. துரையும் போய்ச் சேர்ந்தார், குதிரையும் போய்ச் சேர்ந்தது, கட்டின கயிறுகூட மக்கிப் போனது. செடி மட்டும் வருசத்துக்கு நாலு இலை விட்டுக்கொண்டு நிற்கிறது.

அந்த மேற்கணக்கின் கண்டக்டராகச் சிவசக்தி வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பஸ் கண்டக்டர் இல்லை. மலையில் நின்று வேலை வாங்கும் உத்தியோகத்தரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவள் அந்த மேற்கணக்குத் தொழிலாளர் லயத்து வீட்டிலேயே பிறந்தவள். விவசாய டிப்ளோமா முடித்து, வேறு இரண்டு தோட்டங்களில் வேலை பழகிவிட்டு, சொந்த மலைக்கே உத்தியோகத்தோடு வந்தாள். அவள் அம்மா பாக்கியலெட்சுமி அப்போதும் அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் மகள் பேர் வாசிப்பாள், அம்மா "இருக்கேன்" என்பாள்.

ஒருநாள் நான் முருகையாவின் அறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது சிவசக்தி வந்தாள். நின்றபடியே பேசினாள்.

"டீமேக்கரய்யா, மூலையில கெடக்குறதுல கொஞ்சத்த மேக்கணக்குக் கொழுந்துல வந்ததா காட்டுங்க."

முருகையா கண்ணாடியைக் கழற்றினான். "இது என்னா தாயி, கோயில் பொங்கலா, வந்தவங்களுக்கெல்லாம் கரண்டியில அள்ளிப் போட?"

"ரெண்டு வருசம் காட்டுனா போதும்ங்க. அதுக்குள்ள நாத்து வளத்துருவேன். கெழட்டுச் செடியப் புடுங்கிட்டுப் புதுசு நட்டா எங்க கணக்கு இன்னும் அம்பது வருசம் நிக்கும். இப்ப மூடிட்டா லயத்துச் சனம் எங்கிட்டுப் போகும்?"

"கொழும்புல கேட்டா?"

"கொழுந்து கொறஞ்சாத்தான கேப்பாங்க. கூடினா யாருங்க கேக்குறா?"

முருகையா என்னைப் பார்த்தான். நான் கோப்பைக்குள் பார்த்தேன். அந்தக் கோப்பைக்குள் அப்படி என்ன பார்த்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

அன்றிலிருந்து மூலைத் தூளில் பெரும்பங்கும், அதற்கு ஏற்ற கொழுந்தும், மேற்கணக்கின் பேரில் ஏறியது. கீழ்க்கணக்கு கொழுத்த பிள்ளை, கொஞ்சம் இளைத்தால் யாருக்கும் தெரியாது. மேற்கணக்கு கடதாசியில் அப்படியொரு செழிப்பாக எழுந்து நின்றது. மூடப்படும் பிரிவுகளின் வரிசையிலிருந்து அதன் பேர் விடுபட்டது. பாக்கியலெட்சுமிக்கு மட்டும் பொறுக்கவில்லை. லயத்து வாசலில் எனக்குக் கேட்கும்படியே மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கூடையில இல்லாத கொழுந்து எப்புடிடி கடதாசில மொளைக்குது?"

"அம்மா, நீ பேசாம இரு."

"நான் பேசாமத்தான் இருக்கேன். கூடைதான் பேசுது."

சிவசக்தி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மேற்கணக்கு ஓடைக்கரையில் நிழல்வலை கட்டி, நல்ல செடிகளிலிருந்து கிளை வெட்டி, கறுப்புப் பைகளில் நட்டு, நாற்பதாயிரம் நாற்றுக்கு மேல் வளர்த்தாள். ஹாலிஎலவில் நான் அதை நாலு லட்சம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். லரீபா டீச்சர் அதை மட்டும் நாலுக்குப் பதில் பத்தால் வகுத்திருந்தால் சரியாக இருந்திருக்கும். நாற்றுகளைப் பார்த்தால் எனக்கே ஆசை வந்தது. பாலர் பள்ளிக்கூடம் போல வரிசை வரிசையாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன.

ஆனால் நாற்று காத்திருக்காது. ஐப்பசி மழையோடு நிலத்தில் இறங்கிவிட வேண்டும். அதைத் தவறவிட்டால் வேர் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து சுருண்டுவிடும். அப்புறம் நட்டாலும் தேறாது. கிழட்டுச் செடிகளைப் பிடுங்கவும், மண்ணைப் பண்படுத்தவும், புதியது பறிக்க வரும்வரை மூன்று நாலு வருசம் அதைப் பராமரிக்கவும் பெரிய தொகை வேண்டும். அது கொழும்பிலிருந்துதான் வரவேண்டும்.

அந்த வருசம் ஊசிமலையில் ஒரு வேலைக்குத்தான் முதல் போடுவதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. இரண்டு விண்ணப்பங்கள் போயிருந்தன. ஒன்று சிவசக்தியின் மறுநடவு. மற்றது துரை கேட்ட புதிய டிரையர், கொழுந்தைக் காய வைக்கும் பெரிய மெசின். எதற்குக் கொடுப்பது என்று பார்த்து முடிவு சொல்லக் கொழும்பிலிருந்து பர்ஹான் வருவதாக இருந்தது. பர்ஹான் கம்பெனியின் நிதிப் பகுதியில் பெரிய ஆள். ஆனால் பிறந்தது பதுளைப் பஸார் வீதியில். வயது முப்பத்தைந்துதான். மலைக்கு வரும் ஒவ்வொரு தடவையும், அந்தப் பழைய கிளாக்கரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள் என்று துரையிடம் கேட்டுக்கொள்வான். என் புளுகு அவனுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அவன் வரும் நாளன்று காலையில், லொறியிலிருந்து நான் இறங்கும் இடத்திலேயே சிவசக்தி காத்திருந்தாள்.

"ஐயா, மறுநடவு வேணாம்னு சொல்லுவாங்க போல இருக்கு."

"ஏன்?"

"நல்லாக் குடுக்குற மலைய எதுக்குப் புடுங்கணும்னு கேக்குறாங்க. ரெண்டு வருசமா மேக்கணக்கு ஏறிக்கிட்டே போகுதாம். கச்சான்லகூட எறங்கலயாம். இவ்வளவு கொழுந்து வந்தா பழைய டிரையர் தாங்காதாம். அதுனால மெசினத்தான் போடணும்னு ஒரு பேச்சு."

என் வாய்க்கு உடனே ஒரு வேடிக்கை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

"நேராச் சொல்லிர வேண்டியதுதானே, மூலையில இருந்து வந்ததுன்னு."

"எனக்குப் பயமில்லங்க. என்னை வேணும்னா வீட்டுக்கு அனுப்பட்டும். முருகையா ஐயாவுக்கு இன்னும் நாலு மாசந்தான் சர்வீசு. இப்ப தூக்குனா அவருக்கு வர வேண்டியதெல்லாம் போயிரும். எனக்காகத்தான அவரு செஞ்சாரு." கொஞ்ச நேரம் நாற்றுமேடைப் பக்கம் பார்த்தாள். "நீங்க சொன்னா பர்ஹான் சேர் கேப்பாரு. யாரு பேரும் வராம, அவருக்கு மட்டும் புரியுற மாதிரி சொல்லுங்க ஐயா."

சொல்வதற்கு என்ன, என் தொழிலே அதுதானே என்று மார்தட்டிக்கொண்டு பங்களாவுக்கு ஏறினேன்.

சாப்பாட்டு மேசையில் துரை, பர்ஹான், நான். சிவசக்தியையும் மலை விவரம் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். முருகையா புதிய தூளின் மாதிரிகளை ருசி பார்க்கக் கொண்டுவந்து, கோப்பைகளை வரிசையாக வைத்துக்கொண்டு சன்னல் ஓரம் நின்றான்.

துரை சிங்களவர். ஆனால் எங்கள் தமிழில் எங்களைவிடச் சுத்தமாகத் திட்டுவார். "மாரிசாமி, அந்தக் காத்துக் கதையைச் சொல்லுங்க," என்றார்.

சொன்னேன். கச்சான் அடித்த ஒருநாள் கோழி முட்டையிட உட்கார்ந்ததையும், முட்டை விழுவதற்குள் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதுளை ஹோட்டல் ஒன்றின் தோசைக்கல்லில் போட்டதையும், அன்று முட்டைத் தோசை சாப்பிட்டவனிடம் நான் காசு கேட்டு வழக்குப் போட்டதையும் சொன்னேன். பர்ஹான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். சூடு ஏறிவிட்டது என்று தெரிந்தது. மெதுவாகக் கதையை மாற்றினேன்.

"சேர், எங்க லயத்துல ஒருத்தன் ரெண்டு மாடு வச்சிருந்தான். ஒண்ணு இளசு, ஒண்ணு கெழடு. கெழட்டு மாட்டுக்கு மடி வத்திப்போச்சு. இவன் அத வித்துருவான்னு பொண்டாட்டிக்குப் பயம். அவ என்னா செஞ்சா, இளசு கறந்த பால்ல பாதிய எடுத்து கெழட்டோட வாளில ஊத்தி வச்சிட்டா. கொஞ்ச நாள் போனா ஒரு கன்னுக்குட்டி வாங்கிக் குடுப்பான், அதுவரைக்கும் சமாளிப்போம்னு நெனச்சா."

"நல்ல மனுசி," என்றான் பர்ஹான்.

"நல்ல மனுசிதான். இவன் வாளியப் பாத்தான். அடேயப்பா, கெழட்டு மாடு இவ்வளவு குடுக்குதான்னு அவனுக்கு ஒரே சந்தோசம். கையில சேத்து வச்ச காசு இருந்துச்சு. நேரா பதுளைக்குப் போயி..."

"கன்னுக்குட்டி வாங்கினானா?"

"இல்ல சேர். பெரிய வாளியா ஒண்ணு வாங்கிட்டு வந்தான்."

மேசையே அதிர்ந்தது. துரை தும்மிவிட்டார். பர்ஹான் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "பிறகு? பிறகு என்ன ஆச்சு?"

"வாளி இன்னும் இருக்கு சேர்."

அதற்கும் சிரிப்பு. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது புரியும், இதோ புரிகிறது என்று. சன்னல் ஓரத்தில் முருகையாவுக்குப் புரிந்துவிட்டது. சிவசக்தி தலையை நிமிர்த்தவில்லை. பர்ஹான் மட்டும், "சேர், நீங்க கொழும்புக்கு வரணும், எங்கட ஆட்களுக்கு இதச் சொல்லணும்," என்றான். கோழி முட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் எந்த மாடும் அப்படித்தான் போகும். இத்தனை வருசம் உண்மையைப் பெரிதாக்கியே பழகிய வாய் எனக்கு. உண்மையை அதன் அளவிலேயே எடுத்து மேசையில் வைக்க அன்று எனக்குத் தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் பர்ஹான் சிவசக்தியின் பக்கம் திரும்பினான். குரல் மாறிவிட்டது. மரியாதையாகத்தான் கேட்டான்.

"மிஸ், உங்கட மறுநடவுத் திட்டம் வாசிச்சேன். நல்லா எழுதி இருக்கீங்க. ஆனா ஒண்டு விளங்கல்ல. உங்கட டிவிசன் ரெண்டு வருசமா நல்லாச் செய்யுது. வரட்சியிலயும் குறையல்ல. அந்த எண்ணெல்லாம் சரிதானே?"

அவன் அதைக் கேட்ட விதத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. 'இல்லை' என்று ஒரு சொல் போதும். சிவசக்தி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு சன்னலைப் பார்த்தாள். முருகையா அங்கே கோப்பைகளை நேராக்கிக்கொண்டிருந்தான், ஏற்கெனவே நேராக இருந்தவற்றை.

"சரிதாங்க சேர்," என்றாள்.

"அப்ப நல்லாக் குடுக்கிற செடியைப் புடுங்கி, நாலு வருசம் வருமானம் இல்லாம இருக்க என்ன அவசியம்?"

"செடிக்கு வயசாச்சுங்க."

"வயசாகியும் குடுக்குதே," என்று துரை சிரித்தார்.

அவ்வளவுதான். முடிவை மத்தியானத் தேத்தண்ணியோடு சொல்லிவிட்டார்கள். டிரையர். மறுநடவை அடுத்த வருசம் யோசிப்பதாக ஒரு வார்த்தை.

இறங்கி வரும்போது சிவசக்தி எனக்கு முன்னால் நடந்தாள். நாற்றுமேடை வந்ததும் நின்றாள்.

"வாளிக் கதை நல்லா இருந்துச்சுங்க ஐயா," என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

ஐப்பசி மழை வந்தது, போனது. நாற்றுகள் பைகளிலேயே நின்றன. தை மாதம் முருகையாவுக்கு மாலை போட்டு, வடை கொடுத்து, ஓய்வு கொடுத்தார்கள். வர வேண்டியது எல்லாம் ஒழுங்காகக் கைக்கு வந்தது. அன்று அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ள ஒத்த வார்த்தையில என்னைக் காப்பாத்துச்சுண்ணே. நானாவது வாயத் தொறந்திருக்கலாம்," என்றான்.

டிரையர் வந்த நாள் திருவிழா. லொறியின் முன்சக்கரம் ஒரு வளைவைத் தாண்டும்போது பின்சக்கரம் அதற்கு முந்தின வளைவில் நின்றது. அவ்வளவு நீளம். வாசலில் நுழையாமல் தொழிற்சாலைச் சுவர் ஒன்றை இடித்தார்கள். மெசினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. மாப்பிள்ளை தோற்றான். புதிதாக வந்த டீமேக்கர் சுத்தமான ஆள். முதல் வாரமே பின்மூலையைக் கூட்டிக் கழுவி, மிச்சம் கிடந்ததை அந்த மாதத்துப் பதிவிலேயே சேர்த்துவிட்டு, அங்கே ஒரு சாமிப் படத்தை மாட்டினான். இனி அந்தந்த மாதத்துத் தூள் அந்தந்த மாதத்தில்தான் பிறக்கும்.

பிறகு கச்சான் அடித்தது. தாங்கிப் பிடிக்க மூலையில் ஒன்றும் இல்லை. ஊசிமலையின் உண்மையான கொழுந்து முதல் தடவையாகக் கொழும்புக்குப் போனது. மேற்கணக்கின் எண் மாடியிலிருந்து தவறி விழுந்ததுபோல விழுந்தது. புதிய டிரையரைச் சூடாக்கும் விறகுக்குக்கூட அன்றன்று வந்த கொழுந்து கட்டுப்படியாகவில்லை. வாரத்தில் இரண்டு நாள், பிறகு ஒரு நாள், கடைசியில் படுதா போட்டு மூடிவிட்டுப் பழைய டிரையரிலேயே காய வைத்தார்கள்.

கொழும்பில் யாரும் மெசினைக் குறை சொல்லவில்லை. நன்றாக இருந்த மலையை ஆறு மாதத்தில் இப்படிக் கெடுத்தது யார் என்று கேட்டார்கள். மலைக்குப் பொறுப்பு கண்டக்டர்தானே. சிவசக்தி மூலையைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தானே ஏற்றுக்கொண்டாள். மேற்கணக்கை மூடிக் குத்தகைக்கு விடுவதென்று முடிவாயிற்று. அவளை லுணுகலைப் பக்கம் மாற்றினார்கள். அவள் போகாமல் வேலையை விட்டுவிட்டாள். இப்போது வெலிமடையில் ஒருவரின் காய்கறித் தோட்டத்தில் கோவா, லீக்ஸ் நாற்று வளர்க்கிறாள். பாக்கியலெட்சுமி, தான் கொழுந்து பறித்த அதே மலையில், குத்தகைக்காரரிடம் நாள்கூலிக்குக் கிழங்கு தோண்டுகிறாள்.

போவதற்கு முன் சிவசக்தி லயத்துக்குச் சொல்லிவிட்டாள், நாற்று வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று. சிலர் வேலிக்கு நட்டார்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடும் இடத்தைச் சுற்றி எல்லைக்கோடாகக் கொஞ்சம். கோயில் வாசலில் இரண்டு. பெரும்பகுதி பையோடு அந்த ஓடைக்கரையிலேயே காய்ந்தது. நானும் ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். வேர் பையைக் கிழித்து வெளியே வந்திருந்தது. பக்கத்தில் நின்றவர் கறிவேப்பிலையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் பெரிதாகச் சொல்ல எதுவும் வரவில்லை.

சென்ற மாதம் பதுளை பஸ் நிலையத்தில் பர்ஹானைக் கண்டேன். உம்மாவைப் பார்க்க வந்திருந்தான். கடைக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான். நான் கதை ஒன்றை ஆரம்பிப்பேன் என்று காத்திருந்தான் போல. அவனாகத்தான் கேட்டான்.

"சேர், அண்டைக்கு ஒரு மாட்டுக் கதை சொன்னீங்க. வாளிக் கதை."

"ஆமா."

"அது மாடு இல்லதானே."

"இல்ல."

தேத்தண்ணியைக் குடிக்காமல் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "அந்த டிரையரைப் போய்ப் பாத்தன். படுதா போட்டு வச்சிருக்காங்க. அப்பதான் எனக்கு வாளி ஞாபகம் வந்திச்சு. ஏன் சேர் நேரா சொல்லல்ல?"

முருகையாவின் நாலு மாதத்தைச் சொன்னேன். இப்போது சொன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை. யாருக்கும் நன்மையும் இல்லை. கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். நான் அப்படிப் பேசி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்கு ஒண்டு தெரியுமா," என்றான் கடைசியில். "அந்த வருசம் போர்டுல எங்களுக்குச் சொன்னது, ஆகப் பலவீனமான டிவிசன் எதுவோ அதுக்குத்தான் மறுநடவுக்குக் காசு குடுக்கச் சொல்லி. மூடுறதை அந்த ஒரு வருசம் நிப்பாட்டி வச்சிருந்தாங்க. நான் மெலிஞ்ச மலையைத் தேடித்தான் ஊசிமலைக்கு வந்தன். பார்த்தா எல்லாமே நல்லா இருந்திச்சு."

"அந்தப் பிள்ளை இல்லைன்னு சொல்லியிருந்தா?"

"நாத்துக்குத்தான் குடுத்திருப்பன்," என்றான். "முருகையா சேரப் பற்றி நான் கேட்டிருக்கவே மாட்டன். எல்லாத் தோட்டத்திலயும் மூலை இருக்கிறது எங்களுக்குத் தெரியாதா என்ன. உங்கட மூலை எவ்வளவு பெரிசுண்டுதான் தெரியாமப் போச்சு."

ஹாலிஎல பஸ் வந்தது. அவன் ஏற்றிவிட்டான். இதைச் சிவசக்தியிடம் சொல்வதா வேண்டாமா என்று வழி முழுக்க யோசித்தேன். இன்னும் சொல்லவில்லை. வெலிமடை பஸ் தினமும் என் வீட்டு வாசலால்தான் போகிறது.

நான் கொண்டுவந்த நாற்றைச் சன்னலோரம் நட்டிருந்தேன். சுருண்ட வேரோடு பிழைக்காது என்றுதான் நினைத்தேன். பிழைத்துவிட்டது. பறிப்பாரும் வெட்டுவாரும் இல்லாமல் சன்னலைத் தாண்டி வளர்ந்துவிட்டது. தோட்டத்தில் இடுப்புக்கு மேலே விடமாட்டார்கள். இது இப்போது வெள்ளை வெள்ளையாகப் பூவும் விட்டிருக்கிறது. நேற்று லரீபா டீச்சர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்ன மரம் சேர் இது? பூ நல்ல வடிவா இருக்கு."

"தேயிலை."

டீச்சர் சிரித்தார். "தேயிலை இவ்வளவு உசரத்துக்கு வருமா சேர்? அதுவும் பூவோட?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். அவருக்குத் தெரிந்த தேயிலை இடுப்பளவுதான். வழக்கம்போல வகுத்துக்கொண்டிருப்பார்.